ரிவர்ட் என்று எழுதினேன்

1

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போனபோது என் பெயர் ஒட்டிய கொக்கியில் வெள்ளைத் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அதே கொக்கியில் நான் மாட்டிவிட்டுப் போனது பச்சைத் தொப்பி.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு நகரத்தில் ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். தரம் பார்க்கும் பிரிவு. ரொட்டியின் எடை, ஈரம், உறையில் அச்சாகும் தேதி எல்லாம் எங்கள் பொறுப்பு. எங்கள் கூடத்தில் யார் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கத் தேவையில்லை, தொப்பியைப் பார்த்தால் போதும். சோதனை செய்கிறவர்களுக்கு வெள்ளை, அவர்களுடைய பொறுப்பாளருக்குப் பச்சை. பழைய பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனபின் கோடை முழுக்கப் பச்சைத் தொப்பி என் தலையில் இருந்தது. தற்காலிகமாக.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை எங்கள் மேலாளர் டேவிட் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பொறுப்பாளர் பணியை நிரந்தரமாக ஏற்றுக்கொள்கிறீர்களா, இல்லை உங்கள் பழைய பணிக்கே திரும்புகிறீர்களா, எதுவென்று சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். பழைய பணி என்றால் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. பச்சைத் தொப்பிக்குப் பகல் மட்டும். ஆனால் நிரந்தரமானால் காலை ஆறு மணிக்கே வந்துவிட வேண்டும். என் கணவர் முத்துவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அவர் வீடு வந்து சேர எட்டாகும். ஏழு வயது மகளைக் காலையில் யார் பார்ப்பது? அதைப் பேசி முடிக்க இரண்டு நாள் வேண்டும். எனவே டேவிட்டுக்கு நல்ல ஆங்கிலத்தில் பதில் எழுதினேன். உங்கள் மின்னஞ்சலுக்கு நன்றி, குடும்பத்தாருடன் கலந்து பேச வேண்டியிருக்கிறது, ஐ வில் ரிவர்ட் ஆன் மன்டே.

சனி, ஞாயிறில் எல்லாம் கூடிவந்தது. முத்துவை அரைமணி நேரம் முன்னதாக விட ஒப்புக்கொண்டார்கள். பக்கத்து வீட்டம்மா அதுவரை மகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஏற்றுக்கொள்கிறேன் என்று எப்படி அழகாகச் சொல்வது என்று பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். போனால் வெள்ளைத் தொப்பி.

டேவிட்டின் அறைக்குப் போனேன். அவர் எழுந்து நின்று கையைக் குலுக்கினார்.

“நன்றி மேரி. இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு நன்றி.”

என் பெயர் மாரிச்செல்வி. வந்த முதல் வாரமே மேரி ஆகிவிட்டது.

“நான் இன்னும் எதுவும் சொல்லவில்லையே. திங்கட்கிழமை ரிவர்ட் செய்வதாகத்தானே எழுதினேன்?”

“ஆமாம். செய்துவிட்டோம்.”

“என்ன செய்துவிட்டீர்கள்?”

“ரிவர்ட். இன்றிலிருந்தே.”

“இல்லை, நான்தான் ரிவர்ட் செய்ய வேண்டும். அதற்குத்தான் வந்திருக்கிறேன்.”

“உங்களை அலைய வைக்க வேண்டாமென்று நானே ஏற்பாடு செய்துவிட்டேன்” என்றார் அன்பாக. “குடும்பம்தான் முக்கியம். எனக்குப் புரிகிறது.”

அவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். இருவரும் ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். வெளியே வந்து வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு எடை பார்க்கும் மேசைக்குப் போனேன். அங்கே என்னைப் போலவே சோதனை செய்கிற தெரேசா பச்சைத் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தாள்.

2

இந்தச் சொல் எனக்கு எங்கே கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கு அருகே, பசுவந்தனைப் பக்கம். அப்பாவுக்கு மானாவாரி நிலம், அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அம்மா ஆபீசுக்குப் போகிறாள் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொன்னதை நம்பி ஒரு வாத்தியார், உங்கள் அம்மா படித்தவர்களா என்று கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்ததும் கல்லூரிக்குப் போனதும் நான்தான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

படிப்பு முடிந்ததும் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். மேசை, நாற்காலி, கணினி எல்லாம் இருந்த நிஜமான ஆபீஸ். வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மின்னஞ்சல் எழுதுவது என் வேலை, என் தோழி ரஹ்மத்தின் வேலையும் அதுதான். ரஹ்மத்தின் அத்தா பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே மின்விசிறிக்குச் சண்டை போட்டவர்கள்.

அங்கே யாரும் ரிப்ளை என்று எழுதமாட்டார்கள். ரிப்ளை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சொல். ‘கைண்ட்லி ரிவர்ட்’ என்று முடித்தால்தான் அது அலுவலகக் கடிதம். அவசரம் என்றால் ‘ரிவர்ட் பேக்’. அதைவிட அவசரம் என்றால் அதற்கு முன்னால் இன்னொரு ‘கைண்ட்லி’. தட்டச்சு செய்யும்போதே முதுகு நிமிர்ந்துகொள்ளும். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற அம்மாவின் மகள் ஏதோ ஒரு நாட்டு வியாபாரியை ரிவர்ட் செய்யச் சொல்கிறாள், அவனும் செய்கிறான். கப்பல் எப்போது வரும், பெட்டியின் மேல் என்ன படம் வேண்டும் என்று மறுநாளே எழுதிவிடுவான். ஒருவன்கூட, என்ன நிலைக்குத் திரும்பச் சொல்கிறீர்கள் என்று கேட்டதில்லை.

அதனால்தான் குழப்பமாக இருக்கிறது. தவறான சொல்லென்றால் அத்தனை பேர் எப்படிச் சரியாகப் பதில் எழுதினார்கள்?

3

அன்று மாலை அகராதியைப் பார்த்தேன். முன்பிருந்த நிலைக்குத் திரும்புதல். நிலமோ வீடோ முதல் உடைமையாளருக்கே போய்ச் சேருதல். விட்ட பழக்கத்துக்கு மறுபடி போதல். எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம் கொடுத்திருந்தார்கள்: பயிரிடாமல் விட்ட வயல் புதர்க்காடாக ரிவர்ட் ஆனது.

அதைப் படித்ததும் அப்பாவின் மேலக்காடு நினைவுக்கு வந்தது. அவருக்கு மூட்டுவலி வந்தபிறகு அந்தத் துண்டில் உளுந்து போடவில்லை. மூன்று மழையில் சீமைக்கருவேல் மண்டிவிட்டது. அது ரிவர்ட் ஆனதா? ஆனால் சீமைக்கருவேல் அந்தக் கரிசலில் முன்பு இருந்ததே இல்லையே, எங்கிருந்தோ வந்ததல்லவா? இருந்திராத நிலைக்கு எப்படித் திரும்ப முடியும்? ஒரு வேலையைக் காப்பாற்ற உட்கார்ந்தவள் அரைமணி நேரம் கருவேலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

முத்து வேலைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கே போயி கேளு செல்வி. அர்த்தம் மாறிப் போச்சுன்னு சொல்லு. என்ன போயிரும்?”

“என்ன போயிருமா? எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னு நானே சொல்லணுமாக்கும்?”

“தெரியாதுன்னு எதுக்குச் சொல்லுத? வேற இங்கிலீசுன்னு சொல்லு.”

“வேற இங்கிலீசு தெரிஞ்சவளுக்கு எதுக்கு இந்த ஊருல பச்சைத் தொப்பின்னு கேட்டா?”

அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தார். “அங்கன போய்ப் பேசவேண்டியதை எல்லாம் எங்கிட்டயே பேசி முடிச்சிரு.”

அவர் போனபிறகு மகள், ஊரில் பேத்திக்காகத் தூங்காமல் காத்திருந்த என் அம்மாவுடன் தொலைபேசியில் பேசினாள். பாதியில் தொலைக்காட்சியில் ஏதோ வந்துவிட்டது. “ஆச்சி, நான் உங்களைத் திரும்பக் கூப்பிடுறேன்” என்று வைத்துவிட்டாள். இங்கே பேச்சை நிறுத்த ‘ஐ வில் கால் யூ பேக்’ என்றுதான் சொல்வார்கள். அவள் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிவிட்டாள். திரும்பக் கூப்பிடவில்லை. சற்று நேரம் கழித்து அம்மாவே அழைத்தாள்.

“கூப்பிடுதேன்னாளே, எங்கட்டி கூப்பிடுதா? இங்கன வாரேங்காளா? என்னைய அங்கன வரச் சொல்லுதாளா?”

விளக்கினேன். பிறகு தொப்பிக் கதையையும் சொன்னேன். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி, திரும்பச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லித் தொலைத்தேன்.

“திரும்பச் சொல்லிட்டாவளா? ஊருக்கா?” என்று அலறினாள். “ஐயோ, என்னட்டி பண்ணுன?”

“ஊருக்கு இல்லம்மா. பழைய வேலைக்கு.”

“தீப்பெட்டி ஆபீசுக்கா?”

அவளை அமைதிப்படுத்துவதற்குள் குக்கர் நான்கு விசில் அடித்துவிட்டது.

4

மறுநாளும் நான் டேவிட்டிடம் பேசவில்லை. மதிய உணவு நேரத்தில் வெளியே நின்று ரஹ்மத்தை அழைத்தேன். அவள் இன்னும் அதே ஆபீசில் இருக்கிறாள். இப்போது அந்த மின்விசிறி முழுக்க அவளுடையது.

“ஏட்டி, நெசமாவா? ரிவர்ட்னா ரிப்ளைதான? நான் காலையில இருந்து ஊரு உலகத்துக்கெல்லாம் ரிவர்ட் போட்டுக்கிட்டுல்லா இருக்கேன்!”

“இங்கன அப்படி இல்லையாம்.”

“அப்ப நம்மகிட்ட தீப்பெட்டி பண்டல் வாங்குதவனெல்லாம் இத்தனை வருசமா என்ன நெனச்சிருப்பான்? ‘பழைய நெலைமைக்குப் போயிருங்க, தயவுசெஞ்சு போயிருங்க’ன்னு கெஞ்சியிருக்கோமே!”

“சிரிக்காதட்டி. எனக்கு வேலை போச்சு.”

“வேலை எங்க போச்சு? தொப்பிதான போச்சு.” சிரிப்பை நிறுத்தினாள். “ஒண்ணு கேக்கேன், சொல்லு. அந்த வேலை வேணும்னு எழுதுனியா?”

“வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லுதேன்னு எழுதுனேன்.”

“ஒன்னைய மொதல்ல பொண்ணு பாக்க வந்தாவள்ளா, ஓட்டப்பிடாரத்துக்காரவிய. காபியக் குடிச்சிட்டு என்ன சொல்லிட்டுப் போனாவ?”

எனக்கு எரிச்சல் வந்தது. “அது எதுக்கு இப்ப?”

“சொல்லுட்டி.”

“வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்னாவ.”

“அனுப்புனாவளா?”

“இல்ல.”

“அவிய படியெறங்குததுக்குள்ள ஒங்கம்மா இது சரிவராதுன்னு பலகாரத் தட்டை எடுத்து உள்ள வச்சிட்டால்லா? அந்த டேவிட்டும் அதான் செஞ்சிருக்கான். நீ என்ன வார்த்தை போட்டிருந்தாலும் தட்டு உள்ள போயிருக்கும்.”

அவள் சொன்னது முழுக்கச் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் சம்மதம் இருந்தாலும் உடனே சொல்லமாட்டார்கள். காபி டம்ளரைக் கீழே வைக்குமுன் சரி என்று சொல்லிவிட்டால், இவ்வளவு அவசரமா என்று பேசுவார்கள். முத்து வீட்டார் வந்தபோது அப்பாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. அப்படியிருந்தும், “ரெண்டு நாள்ல சொல்லுதோம் அண்ணாச்சி” என்றுதான் முத்துவின் அப்பாவிடம் சொன்னார். சரியாக இரண்டாம் நாள் சம்மதம் சொல்லி அனுப்பினார். ஒரே வாக்கியம் ஒரு வீட்டில் வேண்டாம் என்றும், ஒரு வீட்டில் வேண்டும் என்றும் இருந்திருக்கிறது. கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். மின்னஞ்சலில் முகம் இல்லை. இருந்திருந்தாலும் என் முகத்தை டேவிட்டுக்குப் படிக்கத் தெரியுமா?

“இப்ப நான் என்ன செய்யட்டும் ரஹ்மத்?”

“வேணும்னு போயிச் சொல்லு. அதுக்கு இங்கிலீசுல ஏதோ சின்ன வார்த்தை இருக்குமே.”

5

சின்ன வார்த்தை இருந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன், சாப்பாட்டு மேசையில் தெரேசா வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

தெரேசா போர்ச்சுகல்காரி. எனக்கு முன்பே இங்கே சேர்ந்தவள். கோடையில் பச்சைத் தொப்பி எனக்குக் கிடைத்தபோது, ஆங்கிலம் எழுதுவதில் மேரி கெட்டிக்காரி என்று அவளே எல்லோரிடமும் சொன்னாள். அறிக்கை எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் கொண்டுவருவாள்.

“உனக்கு வேண்டாம் என்று டேவிட் சொன்னார்” என்றாள். “இல்லாவிட்டால் நான் ஒத்துக்கொண்டிருக்கமாட்டேன். இந்த வாரம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம். இனி என் அம்மாவை இரவில் தனியாக விட வேண்டாம்.”

அவளுடைய அம்மா போன வருடம்தான் அவளிடம் வந்து சேர்ந்தார். இரவு வேலை அவளுக்கும்தான் பாரம். இது எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை.

“உனக்கு வருத்தம் ஒன்றும் இல்லையே?” என்று கேட்டாள்.

“அதைப் பற்றிப் பிறகு பேசலாம்” என்றேன்.

அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். நான் என்ன சொன்னேன், அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று எனக்கே தெரியவில்லை. மறுபடியும் அதையே செய்துவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

அன்று மாலை பேருந்துக்கு நிற்கும்போது எனக்குள் கணக்கு ஓடியது. கேட்காமல் விட்டால் நான் நல்லவள். தெரேசாவின் அம்மா தனியாக இருக்க வேண்டாம். ஆனால் என் மகள் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவில் யாரிடம் இருப்பாள்? முத்துவும் இரவு, நானும் இரவு. கோடைக்கு முன்பு அந்த வாரங்களில் அவள் ஒரு பையோடு பக்கத்து வீட்டுக்குத் தூங்கப் போவாள். ஒருநாள் அங்கிருந்து வந்து, நாளைக்கு எங்கே என் வீடு என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பச்சைத் தொப்பிக்கு நான் மனுப் போட்டேன். அந்த வேலையை மூன்று மாதம் நன்றாகவும் செய்தேன். என்னைவிட ஒழுங்காக யாரும் அந்த மேசையை நடத்தியதில்லை, அதை டேவிட்டே சொன்னார். எனக்கு வேண்டும் என்று நினைப்பதில் என்ன தவறு? தவறில்லை என்றால் ஏன் அதைத் தெரேசாவிடம் சொல்லவில்லை?

6

புதன்கிழமை பணியாளர் பிரிவுக்குப் போனேன். ஹெலன் என்ற அம்மையார் டேவிட்டையும் அழைத்து உட்காரவைத்தார். என் மின்னஞ்சலைத் திரையில் போட்டார். அந்த வாக்கியம் அவ்வளவு பெரிய திரையில் மிக மரியாதையாக நின்றுகொண்டிருந்தது.

“திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்பதுதான் இதற்கு அர்த்தம்” என்றேன். “நாங்கள் படித்த ஆங்கிலத்தில்.”

டேவிட் முகம் சிவந்தது. “நான் கேட்டது இரண்டில் ஒன்று. நீங்கள் எழுதியது அந்த இரண்டில் ஒன்றாகவே இருந்ததே” என்றார்.

ஹெலன் கணினியில் தேடினார். “அட, இருக்கிறது” என்றார். “தெற்காசிய வழக்கில், பதில் அளித்தல். அகராதியிலேயே போட்டிருக்கிறார்கள்.”

நான் பார்த்த அகராதியில் அது இல்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. என் சொல்லுக்கு ஓர் இடம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால், தனிக் கதவு வைத்த இடம்.

“அப்படியென்றால் அவர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை” என்றார் ஹெலன் டேவிட்டிடம். பிறகு என்னைப் பார்த்து, “உங்கள் விருப்பத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். நான் வெள்ளிக்கிழமைக்குள் உங்களிடம் திரும்பி வருகிறேன்” என்றார்.

ஐ வில் கம் பேக் டு யூ. பதில் சொல்கிறேன் என்று அர்த்தம். இந்த ஊரில் எல்லோரும் தினமும் சொல்வதுதான். அதுவரை நான் கவனித்ததே இல்லை.

“நீங்கள் திரும்பி வரலாம், நான் ரிவர்ட் ஆகக் கூடாதா?” என்று கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினேன். இரண்டும் திரும்புவதுதானே? தமிழிலும் திரும்பச் சொல்வது வேறு, திரும்பிப் போகச் சொல்வது வேறு. மறுமொழி என்றால் பதில், மறுத்தல் என்றால் வேண்டாம். எந்த ஊரிலும் இவை ஏன் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன?

ஹெலன் சிரித்து, “நல்ல கேள்வி” என்றார். நல்ல கேள்வி என்றால் இங்கே பதில் இல்லை என்று அர்த்தம். அது எனக்கு முன்பே தெரியும்.

என் விருப்பத்தை எழுத உட்கார்ந்தேன். விழைகிறேன், ஆவலாயிருக்கிறேன், தங்கள் மேலான பரிசீலனைக்கு என்றெல்லாம் ஆங்கிலத்தில் எனக்கு எழுதத் தெரியும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவது போல எழுதினேன்: ஐ வான்ட் திஸ் ஜாப். அந்தச் சொற்களில் நான் படித்த படிப்பு எதுவும் தெரியவில்லை.

7

வெள்ளிக்கிழமை மாலை கடிதம் வந்தது. முந்தைய முடிவு திரும்பப் பெறப்படுகிறது, பணி உங்களுக்கே, ஏற்பதாக இன்றே பதில் தரவும். இதற்கு மேல் எதையும் யாரும் வேறு மாதிரிப் புரிந்துகொள்ளக் கூடாது என்று, ‘யெஸ்’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை நான் உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியிலேயே டேவிட் ஓடிவந்தார். கையில் என் பதிலை அச்சிட்ட தாள். சுற்றிலும் ஷிப்ட் மாறுகிற கூட்டம். தெரேசாவும் நின்றிருந்தாள்.

“மன்னிக்க வேண்டும் மேரி. கேட்காமல் இருந்து ஒருமுறை தவறு செய்துவிட்டேன், அதனால் இந்த முறை கேட்டுவிடுகிறேன்” என்றார். “இந்த ‘யெஸ்’... கடிதம் கிடைத்தது என்ற ‘யெஸ்’ஸா, ஏற்றுக்கொள்கிறேன் என்ற ‘யெஸ்’ஸா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரேசாவும்தான்.

“எனக்கு இந்த வேலை வேண்டும்” என்றேன். இயந்திரச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்து உரக்கச் சொல்லிவிட்டேன். இயந்திரங்கள் இன்னும் ஓட ஆரம்பித்திருக்கவில்லை.

டேவிட், “அருமை” என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தது. தெரேசா அங்கேயே நின்றாள். அவளிடம் நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஹெலன் வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

“தெரேசா, உனக்கு…” என்று ஆரம்பித்தேன். எந்தச் சொல்லைப் போடுவது என்று தேடினேன்.

“ஃபைன்” என்றாள்.

நன்றாக இருக்கிறது என்பதற்கும் இதே சொல்தான். பரவாயில்லை என்பதற்கும் இதே சொல்தான். உன்னோடு இனிப் பேச ஒன்றுமில்லை என்பதற்கும் இதைத்தான் சொல்வார்கள்.

எது என்று கேட்டேன்.

“எனக்கே தெரியவில்லை மேரி” என்றாள். “தெரிந்ததும் சொல்கிறேன்.”

இன்னும் சொல்லவில்லை. மதிய உணவுக்கு வேறு மேசையில் உட்காருகிறாள். நானும் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடவில்லை. எதிர் நாற்காலியில் பையைப் போடாமல் தினமும் காலியாகவே விட்டுவைத்திருக்கிறேன்.